இன்னும் ஒண்ணுமே நடக்கலையே அண்ணா!

‘நிதான் பன் தாவ்’ என்ற தாய்லாந்துத் தொடரைப் பார்க்கச் சொல்லி யாரிடம் சொன்னாலும், மூன்றாவது எபிசோடு முடிந்த கையோடு இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. திருச்சியில் இருக்கும் என் சித்தி மகள் கேட்டாள். பாங்காக்கில் என்னோடு வேலை பார்ப்பவர்களும் அவரவர் பாணியில் இதையேதான் கேட்டார்கள். அதனால் முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன்: மொத்தம் பத்து எபிசோடு. நாயகர்கள் இருவரும் முத்தமிட்டுக்கொள்வது பத்தாவதில். கதையைக் கெடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். இதைத் தெரிந்துகொண்டு உட்காருகிறவர்கள்தான் இந்தத் தொடரை நன்றாகப் பார்க்கிறார்கள். முத்தம் எப்போது, எப்போது என்று மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் வேறு எதுவும் கண்ணில் படாது.

ஆங்கிலத்தில் ‘எ டேல் ஆஃப் தவுசண்ட் ஸ்டார்ஸ்’ என்ற பெயரில் யூடியூபில் கிடைக்கும் தொடர் இது. 2021 ஜனவரி 29 முதல் ஏப்ரல் 2 வரை வெள்ளிக்கிழமைதோறும் தாய்லாந்தில் ஒளிபரப்பானது. தயாரிப்பு ஜிஎம்எம்டிவி. இயக்கம் ‘அவ்ஃப்’ என்று எல்லோரும் அழைக்கும் நொப்பர்னாச் சைவிமோல். தியன் பாங்காக்கின் பணக்கார வீட்டுப் பையன்; இதயம் பழுதானவன். விபத்தில் இறந்த தோஃபன் என்ற பெண்ணின் இதயம் அவனுக்குப் பொருத்தப்படுகிறது. அவள் வடக்கே ஒரு மலைக்கிராமத்தில் தன்னார்வ ஆசிரியையாக இருந்தவள். அவளுடைய டைரியைப் படித்துவிட்டு, தியன் அதே ஊருக்கு வாத்தியாராகப் போகிறான். அங்கே வனக்காவலர்களின் தலைவன் பூபா. தோஃபன் மனசில் இருந்தவனும் இந்தப் பூபாதான். பூபாவைக் கண்டால் தன் நெஞ்சு படபடப்பது தன்னாலா, தனக்குள் இருக்கும் அவளாலா என்று தியனுக்குத் தெரியவில்லை. பத்து எபிசோடும் இந்த முடிச்சு ஒன்றுதான். மீதியெல்லாம் பள்ளிக்கூடம், தேயிலை வியாபாரிகளின் தில்லுமுல்லு, குளிர்ந்த தண்ணீர், நட்சத்திரம்.

நான் அப்போது சிலோம் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், இப்போதும் அங்கேதான். சமுத் சாக்கோன் இறால் சந்தையில் தொடங்கிய கொரோனா இரண்டாவது அலை ஓடிக்கொண்டிருந்த சமயம். மதுக்கூடங்கள் மூடிக்கிடந்தன, பாதி அலுவலகம் வீட்டிலிருந்து வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி போக்கிடம் இல்லாமல் போனதில் எங்கள் அலுவலக லைன் குழுவே (லைன் என்பது வாட்ஸ்அப் மாதிரி ஒரு செயலி) டீக்கடை பெஞ்சாக மாறியது. சரக்கு ரசீதுக்காகத் தொடங்கிய குழுவில் பூபாவின் படம் போட்ட ஸ்டிக்கர்கள் வந்து விழுந்தன.

அந்தக் குழுவில் மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாமவர் எங்கள் பிரிவின் மூத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அவரை நாங்கள் எல்லோரும் ‘பீ’ என்போம். நம் ஊர் அக்கா மாதிரி. பிஎல், அதாவது ‘பாய்ஸ் லவ்’ என்று சொல்லப்படும் ஆண்–ஆண் காதல் தொடர்கள் தாய்லாந்தில் பெருவழக்கானதற்கு இவரைப் போன்ற பெண்கள்தான் காரணம். 2014-ல் ‘லவ் சிக்’, 2016-ல் ‘சோட்டஸ்’ என்று ஆரம்பத்திலிருந்தே விடாமல் பார்த்தவர். அடுத்தவள், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத, வடக்கே மலைப்பக்கம் சியாங் ராயிலிருந்து வந்த பெண். மூன்றாமவர் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் நாற்பது வயது கடந்த நண்பர். என்னைப் போலவே ஆண்களை விரும்புகிறவர். இந்த நகரத்தில் எனக்கு முதலில் வழிகாட்டியவர் அவர்தான்.

பீ பார்த்த விதம் எனக்குப் பெரிய பாடம். அப்போது யூடியூபில் ஒரு எபிசோடை நான்கு துண்டுகளாகப் பதிவேற்றுவார்கள். ஒரு துண்டு முடிந்ததும் பீ அடுத்ததற்குப் போகமாட்டார். எழுந்து போய்ப் பழம் நறுக்குவார், பாத்திரம் கழுவுவார். பிறகு குழுவில் ஒரு வரி போடுவார். பெரும்பாலும் யாரும் கவனித்திராத ஏதாவதொன்றாக இருக்கும்: “இந்த வாரம் அவன் கூப்பிடுற குரல் மாறிடுச்சு, கவனிச்சீங்களா?” “போன வாரம் வாசல்ல நின்னு பேசினான், இன்னிக்குப் படி ஏறிட்டான்.” இந்த மாதிரித் தொடர்களில் நகர்வு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. யார் யாருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறார்கள், எவ்வளவு தள்ளி உட்காருகிறார்கள், மரியாதைப் பேச்சு எந்த இடத்தில் குறைகிறது, யார் முதலில் பார்வையை விலக்குகிறார்கள். நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு நடக்கும்போது பெரியவர்கள் இப்படித்தானே பார்க்கிறார்கள்! அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

பீயிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் இன்னொன்று. எபிசோடு முடிந்ததும் ட்விட்டரைத் திறக்கும் முன் என் பங்குக்கு ஒரு வரி எழுதி வைத்துவிடுவேன். எழுதாவிட்டால், ஹேஷ்டேகில் ஓடுகிற ஆயிரம் கருத்துகளில் எது நம்முடையது என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகிறது. எனக்குப் பிடித்திருந்த நாலாவது எபிசோடு, அரைமணி நேரம் மற்றவர்களின் புலம்பலைப் படித்த பிறகு எனக்கே சலிப்பாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் நான் எழுதி வைத்த வரியைப் பார்த்தேன். “வகுப்பறைக் காட்சி இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம்” என்றிருந்தது.

“மெதுவா போகுது” என்ற புகாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். அது ஒரே புகார் அல்ல. சிலருக்கு அதன் பொருள் “தொட்டுக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்களே” என்பது. அவர்களுக்கு இந்தத் தொடர் கடைசிவரை மெதுவாகத்தான் இருக்கும். வேறு தொடர் பார்ப்பது நல்லது, அதில் குற்றமில்லை. சிலருக்கோ “ஊர்க்கதை எனக்கெதற்கு, அவர்களைக் காட்டு” என்பது பொருள். இவர்களிடம் நான் மல்லுக்கு நிற்பேன். தேயிலை எடை போடும் இடத்தில் கிராமத்துக்காரர்கள் ஏமாற்றப்படுவதைத் தியன் கண்டுபிடிப்பதும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவதும் காதல் கதைக்கு நடுவே வந்த இடைச்செருகல் அல்ல. இந்த நகரத்துப் பொடியன் ஒரு வாரத்தில் ஓடிவிடுவான் என்று நினைத்த பூபா தன் எண்ணத்தை மாற்றிக்கொள்வது அந்தக் காட்சிகளில்தான். அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறவர்கள் எட்டாவது எபிசோடில் “இவனுக்கு அவன்மேல் எப்போது ஆசை வந்தது?” என்று கேட்கிறார்கள். தள்ளிவிட்ட இடத்தில் வந்தது, ஐயா.

வேறு சிலரும் உண்டு. “மெதுவா போகுது” என்பார்கள். உண்மையில் சொல்ல வருவது “நம்ப முடியவில்லை” என்பது. ஏற்றுமதிப் பிரிவு நண்பர் அந்த வகை. நாலாவது எபிசோடோடு நிறுத்திவிட்டார். “இது நமக்காக எடுத்தது இல்ல. நம்மள வெச்சு அவங்களுக்காக எடுத்தது” என்றார். அவங்க என்றால் பீயும் அவர் தோழிகளும். “நமக்கெல்லாம் யாருக்கு இவ்வளவு நேரம் இருந்துச்சு? வாரம் ஒரு பார்வை, மாசம் ஒரு வார்த்தைன்னு? அடுத்த வாரம் அவன் இந்த ஊர்லயே இருப்பானான்னு தெரியாது.” இதைச் சொன்னபோது அவர் குரலில் கேலி இல்லை. பிஎல் தொடர்களை ரசிக்கிற ஒவ்வொருவரும் இந்த எதிர்வினையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதுகாப்பான இடத்தில் இருப்பவர்களால்தான் பொறுமையாகக் காதலிக்க முடியும் என்பது அவர் வாதம். நான் மறுத்துப் பேசவில்லை, பார்ப்பதை நிறுத்தவுமில்லை.

இணையத்தில் இன்னொரு கூட்டம், தொலைக்காட்சித் தணிக்கைக்குப் பயந்துதான் முத்தத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்று சாதித்தது. அது சரியில்லை. இதே நிறுவனத்துக்காக இதே இயக்குநர் 2019-ல் எடுத்த ‘டார்க் புளூ கிஸ்’ தொடரில் முத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. அங்கே கொடுக்க முடிந்தவருக்கு இங்கேயும் முடியும். தியனுக்கே தன் நெஞ்சு தன்னுடையதா என்று தெரியாதபோது, அவன் முத்தமிட்டால் அது யாருடைய முத்தம்? அந்தக் கேள்வி தீரும்வரை இயக்குநர் காத்திருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் எனக்கு மிகவும் பிடித்த எதிர்வினை சியாங் ராய்ப் பெண்ணுடையது. மார்ச் மாதம். தொடரில் வானம் முழுக்க நட்சத்திரம் கொட்டிக்கிடக்கிறது. குழுவில் எல்லோரும் உருகிக்கொண்டிருக்க, அவள் தன் அம்மா அன்று அனுப்பியிருந்த படத்தைப் போட்டாள். வீட்டுக்கு எதிரே இருக்கும் மலையே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் புகை மட்டும். வடக்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரிகிற காலம். பக்கத்து நாடுகளிலிருந்து வரும் புகையும் சேர்ந்துகொண்டு, சியாங் மாய் உலகிலேயே மோசமான காற்றுள்ள நகரங்களின் பட்டியலில் அடிக்கடி முதலிடத்துக்கு வந்துவிடும். “எங்க ஊர்ல இந்த மாசம் ஆயிரம் வேண்டாம், பத்து நட்சத்திரம் எண்ணிக் காட்டச் சொல்லுங்க” என்று எழுதினாள். பிறகு, “பூபா மாதிரி ஆளுங்க இப்ப காட்டுத்தீ அணைச்சிட்டு இருப்பாங்க. காதலிக்கல்லாம் நேரம் கிடையாது.”

அவளுக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. மலைவாழ் மக்களைக் காட்டும் தாய்லாந்துக் கதைகளில் எப்போதும் பாங்காக்கிலிருந்து ஒருவர் போய்க் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தாய்லாந்தில் குடியுரிமை இல்லாதவர்களாகப் பதிவாகியிருப்பவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். அவர்களில் பலர் இந்த மலைகளில் வாழ்பவர்கள். தொடரில் வரும் குழந்தைகள் அழகாக இருக்கிறார்கள், அழகாகப் பேசுகிறார்கள், அவர்களிடம் அடையாள அட்டை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. “பிடிக்கலைன்னா ஏன் பாக்கறே?” என்று பீ கேட்டதற்கு அவள், “பிடிக்கலைன்னு யார் சொன்னது? வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு நானும்தான் உக்காந்திருக்கேன்” என்றாள். ஒரு தொடரை விரும்பிக்கொண்டே அதனோடு சண்டை போடலாம். நம்மூர் ரசிகர்களுக்கு இது ஏனோ கடினமாக இருக்கிறது. குறை சொன்னால் எதிரி, இல்லாவிட்டால் பக்தன்.

இப்போது சித்தி மகள். அவள் செவிலியர். இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டில் சில காலம் இருந்தவள். தொடர் முடிந்தபின் நான்தான் இணைப்பை அனுப்பினேன். ஏன் அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. அவள் ஒரே சனி ஞாயிறில் மொத்தத்தையும் ஓட்டிவிட்டாள். வந்த செய்திகள் இவை:

“அண்ணா, இதயம் மாத்துன பையன் மலையேறிக் கிணத்தடில குளிக்கிறான். அவனுக்கு நோய் எதிர்ப்ப அமுக்குற மாத்திரை ஓடிட்டு இருக்குமே, யாராச்சும் திட்ட மாட்டீங்களா?”

“கொடுத்தவங்க யாருன்னு வாங்குனவங்களுக்குச் சொல்லவே மாட்டோம். இவன் எப்படிக் கண்டுபிடிச்சான்?”

“இன்னும் ஒண்ணுமே நடக்கலையே அண்ணா!”

கடைசியில், “நல்லாருந்துச்சு. ஆனா ரொம்ப ஸ்லோ.”

அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். சில நாள் கழித்து, இரவுப் பணியில் இருந்தவள் திடீரென்று குரல்பதிவு அனுப்பினாள். தொடரில் தியனின் நெஞ்சு பூபாவைப் பார்த்த மாத்திரத்தில் படபடக்கிறதல்லவா, அது நடக்காது என்றாள். இதயத்தை எடுத்து வேறொருவருக்கு வைக்கும்போது நரம்புகளைத் துண்டித்துவிடுகிறார்கள்; அவற்றைத் திரும்ப ஒட்டுவதில்லை. அதனால் மாற்று இதயம் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் வேகமாக, நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். பயமோ மகிழ்ச்சியோ வந்தால் மூளையிலிருந்து நேராகச் செய்தி போகாது. ரத்தத்தில் அட்ரினலின் கலந்து, அது இதயத்தைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேகம் கூடும். சில நிமிடங்கள் பிடிக்கும். கூடியது இறங்கவும் நேரமாகும். சில வருஷம் போனால் சிலருக்கு நரம்பு ஓரளவு வளர்வதும் உண்டு. “அதனால அவன் பூபாவைப் பாத்துட்டு, வீட்டுக்குப் போயி, கதவச் சாத்தினப்புறம்தான் அவனுக்குத் துடிக்கணும். அப்படி எடுத்திருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்ல?” என்றாள்.

இயக்குநருக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

அந்தப் பதிவைக் கேட்டபோது, மொத்தத்தையும் இரண்டு நாளில் ஓட்டியவளுக்குள் தொடர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பது தெரிந்தது. மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: “அண்ணா, உனக்கு அங்க யாராச்சும் இருக்காங்களா?” கேள்வி அவ்வளவுதான். பொண்ணா பையனா என்று கேட்கவில்லை. சொன்னேன். “சித்திகிட்ட நீயே சொல்லு, எப்பச் சொல்லணுமோ அப்ப. நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்றாள். சித்தி என்று அவள் சொன்னது என் அம்மாவை அல்ல, அவளுடைய அம்மாவைத்தான். என்னோடு பேசும்போது என் முறையிலேயே சொல்வது அவள் வழக்கம். என் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். சித்தப்பா, சித்திக்குச் சொல்வதுதான் எங்கள் குடும்பத்தில் பெரிய காரியம்.

இதைப் படித்துவிட்டு, வீட்டில் யாரையாவது உட்காரவைத்துத் தொடரைப் போட்டுக்காட்டலாம் என்று யாருக்காவது தோன்றினால், தாராளமாகச் செய்யலாம். ஹாலில் டிவியில் ஓட்டக்கூடிய தொடர்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அது தொடர் பார்ப்பது ஆகாது, பரீட்சை வைப்பது ஆகிவிடும். பரீட்சை என்று தெரிந்தால் யாரும் மனசில் இருப்பதை எழுதமாட்டார்கள். முகம் சுளித்ததை வைத்து முடிவுக்கு வரவும் வேண்டாம், ரசித்துப் பார்த்ததை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம். மலையும் பனியும் அழகான இரண்டு நடிகர்களும் இருக்கும்போது ரசிப்பது சுலபம். சொந்த மகன் ஒருவனை வீட்டுக்குக் கூட்டிவருவது வேறு. தொடரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். அவர்களாகப் பேச வந்தால் பேசுங்கள். வந்த பேச்சு மாத்திரையைப் பற்றியோ தேயிலை விலையைப் பற்றியோ இருந்தாலும் அதையே பேசுங்கள். அதுவும் அந்தத் தொடரைப் பற்றிய பேச்சுதான்.

சில்லறை விஷயங்கள் சில. யூடியூபின் தானியங்கித் தமிழ் வசனத்தைப் போட்டுவிடாதீர்கள், சோகக் காட்சி நகைச்சுவைக் காட்சி ஆகிவிடும்; ஆங்கில வசனமே மேல். ஒரு வாரத்துக்கு இரண்டு எபிசோடு என் அளவு. முடிந்துபோன தொடர்தானே, ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். இடைப்பட்ட நாட்களில், பேருந்திலோ குளியலறையிலோ, நாமாகக் கதையை நகர்த்திப் பார்க்கிறோமே, பாதிச் சுவை அதில் இருக்கிறது. நடுவே நாயகன் திடீரென்று ஏதோ ஒரு முகக்களிம்பையோ நொறுக்குத் தீனியையோ எடுத்து அதன் பெயர் தெரியும்படி பிடித்துக்கொண்டு நின்றால் பதற வேண்டாம், அது தாய்லாந்துத் தொடர்களின் வழக்கம். பீ அந்த நேரத்தில்தான் பழம் நறுக்கப் போவார்.

ரியாக்ஷன் வீடியோக்களை எபிசோடுக்கு முன்னால் பார்க்காதீர்கள். பின்னால் பார்ப்பதென்றால், சத்தம் போடுகிறவர்களை விட்டுவிட்டு, பார்த்து முடித்தபின் பேசுகிறவர்களைத் தேடுங்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் நன்றாகப் பேசுகிறார்கள். குடும்பம், அம்மா, கௌரவம் என்று அவர்களுக்கும் நமக்கும் ஒரே தலைவலிகள். அப்புறம், நடித்தவர்கள் இருவரும் நிஜத்திலும் காதலர்களா என்ற ஆராய்ச்சி. ஜோடியாகவே விளம்பரம், ஜோடியாகவே ரசிகர் சந்திப்பு என்று இந்தத் தொழிலே அந்த மயக்கத்தில் ஓடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் நாம் அதில் தலையைக் கொடுக்காமல் இருப்பது அந்த இரண்டு பேருக்கும் செய்யும் மரியாதை. அவர்கள் கண்ணைப் பார்த்துப் பார்த்து அத்தாட்சி சேகரித்தவர்கள், பிறகு நடிகருக்குத் தோழி இருக்கிறாள் என்று செய்தி வந்தால் அந்தப் பெண்ணைப் போய் வசைபாடுவதையும் பார்த்திருக்கிறேன். அவ்வளவு மோசமான எதிர்வினை வேறில்லை.

தோஃபனைப் பற்றி மட்டும் எங்கள் குழுவில் இன்றுவரை சமாதானம் ஏற்படவில்லை. இரண்டு ஆண்கள் சேர்வதற்காக ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டார்கள், அவளுடைய இதயம், டைரி, ஊர், காதல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள் என்கிறாள் சியாங் ராய்ப் பெண். அவள்தான் கதையின் உண்மையான நாயகி, மற்றவர்கள் அவளுடைய டைரிக்குள் நடமாடுகிறார்கள் என்கிறார் பீ. நான் சியாங் ராய்க் கட்சி. பிஎல் கதைகளில் பெண்கள் ஒன்று வில்லியாக வருவார்கள், அல்லது கைதட்டும் தோழியாக. இங்கே கொஞ்சம் மேன்மையாகச் செத்துப்போகிறாள், அவ்வளவே வித்தியாசம்.

ஏற்றுமதிப் பிரிவு நண்பர் பின்னால் திரும்பி வந்தார். 2023-ல் இதே இயக்குநர், பூபாவாகவும் தியனாகவும் நடித்த அதே எர்த், மிக்ஸ் ஜோடியை வைத்து ‘மூன்லைட் சிக்கன்’ எடுத்தார். எட்டு எபிசோடு, பட்டாயாவில் கோழிச்சோற்றுக் கடை நடத்தும், வயசும் கடனும் ஏறிக்கொண்டிருக்கும் மனிதனின் கதை. அதில் எல்லாம் தலைகீழ்: அறிமுகமான இரவே ஒன்றாகத் தங்கிவிடுகிறார்கள், மனசு சேரத்தான் மீதி எபிசோடுகள். “இது என் வயசு” என்றார் நண்பர். அதை முடித்த ஜோரில் ‘நிதான் பன் தாவ்’ தொடரை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். முடித்துவிட்டு அவர் பேசியது முத்தத்தைப் பற்றி அல்ல. “சீருடை போட்ட அரசாங்க ஆளு. இடமாற்றம் வரும்னு ஒரு நிமிஷம்கூடப் பயப்படலயே அவன்! எங்க காலத்துல அதையே முதல்ல நினைச்சிருப்போம்” என்றார். திருமணச் சமத்துவச் சட்டம் 2025 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு நகரமெங்கும் கூட்டம். சியாம் பாரகான் வளாகத்தில் ஜோடி ஜோடியாகப் பதிவு நடந்தது. நண்பரும் அவருடைய துணைவரும் கூட்டம் குறைந்த ஒரு நாளில் பாங் ராக் வட்டார அலுவலகத்துக்குப் போய்ப் பதிந்தார்கள். நான் கூடப் போனேன். வரிசையில் நிற்கும்போது, தொடர் எழுதுகிறவர்கள் இனி எதைக் காட்டி இழுத்தடிப்பார்கள் என்று கவலைப்பட்டார்.

அடுத்து என்ன பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு. காத்திருப்புக்குச் சன்மானம் பாதியிலேயே வேண்டுமென்றால் ‘பேட் படி’. பகையாளிக் குடும்பங்களின் பையன்கள் இருவர். 2021 நவம்பரில் ஐந்தாவது எபிசோடின் கடைசியில் வரும் மொட்டைமாடிக் காட்சிக்கு எங்கள் லைன் குழுவில் அன்று யாரும் தூங்கவில்லை. மொத்தம் பன்னிரண்டு எபிசோடு. கடைசிக்கு முந்திய எபிசோடில் ஜோடியைப் பிரித்து அழவைப்பது இந்தத் தொடர்களின் பழைய சாபம் என்று ரசிகர்கள் சொல்வார்கள். இதில் பதினொன்றாவதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

காத்திருப்பே வலியாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ‘ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ’, 2020. புக்கெட் பழைய நகரத்தில், சீன மொழிப் பாடம் படிக்கிற இரண்டு பையன்கள். ஐந்தே எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒளிப்பதிவுக்காக மட்டும் இன்னொரு முறை பார்க்கலாம். அதற்கு 2021-ல் வந்த இரண்டாம் பாகம், ‘ஐ ப்ராமிஸ்டு யூ த மூன்’, பாங்காக்கில் நடக்கிறது. அதை மட்டும் தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். அந்தப் பையன்களில் ஒருவன் செய்கிற காரியத்துக்கு உடனே யாரையாவது கூப்பிட்டுத் திட்டியாக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் பீ போன் எடுக்கமாட்டார், அவர் வேறு யாரிடமோ திட்டிக்கொண்டிருப்பார்.